பல்லி சொன்னா சரி

சிலந்தி தன் வலையில தினமும் சினிமா நியூஸ் போடும். மேல இருந்து பல்லி "ச்சு ச்சு"ன்னு சொல்லிட்டா போதும், பூச்சிங்க எல்லாம் அதை உண்மைன்னு நம்பிடும்.

அன்னைக்கு, "சில்வண்டு பாட்டு படு மொக்கை"ன்னு நியூஸ். பல்லியும் "ச்சு ச்சு." சில்வண்டோட கச்சேரிக்கு ஈ காக்கா வரல. ஈங்க எல்லாம் வம்பு கேக்க வலையப் போய் மொய்ச்சுட்டு இருந்துச்சுங்க.

சில்வண்டுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நேரா வலைக்குப் போச்சு.

"என் பாட்டை நீ கேட்டியா?"

"எனக்கு ஏதும்மா காது?"ன்னுச்சு சிலந்தி. "ஆனா நான் நடுநிலை. வேணும்னா பல்லியண்ணனக் கேளு."

எல்லாரும் மேல பாத்தாங்க. பல்லி வாயத் திறக்கல. வாயோரத்துல ஒரு ஈயோட றெக்கை துடிச்சிட்டு இருந்துச்சு.

"அவசரமில்லண்ணே"ன்னுச்சு சில்வண்டு. "முழுங்கிட்டே சொல்லுங்க."