தராசு வீட்டு மீட்டர்

"கம்பத்துல கொக்கி போட்டுக் கரண்டைத் திருடினாக்கூடப் போய்த் தொலையட்டும்னு விட்ருப்பேன். நீங்க என் வீட்டுல இருந்து இல்ல இழுக்கறீங்க!"

பக்கத்து வீட்டு நர்ஸ் போட்ட சத்தத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் இருந்த தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. கேட்டில் பலகை மாட்டிக்கொண்டிருந்த தராசுவின் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்தது. 'இத்தெருவின் மின்சிக்கன இல்லம்' என்று அந்தப் பலகையில் பொன்னிற எழுத்து மின்னியது. குடியிருப்போர் சங்கம் முந்தின நாள்தான் சால்வை போர்த்திக் கொடுத்திருந்தது.

தராசு என்பது தெரு வைத்த பெயர். முப்பது வருஷம் எடையளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கி, பொய் எடைக்கல்லைக் கையும் களவுமாகப் பிடித்தவர். ரிடையர் ஆனபின் பிடிக்கக் கடை இல்லாததால் அக்கம்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பேர்ப்பட்ட ஆளைத் திருடன் என்றால் பொறுப்பாரா?

"ஏம்மா, யாரைப் பாத்து என்ன பேசறே? நாக்கு அழுகிடும்!"

"எனக்கு ஒண்ணும் அழுகாது. ரெண்டும் ஒரே கம்பெனி கட்டின வீடு. நடுவுல ஒரே சுவர். சூடு தாக்காம இருக்க அதே ரெட்டைக் கண்ணாடி ஜன்னல், மொட்டை மாடியில அதே வெள்ளை ஓடு. நான் காலையில டூட்டிக்குப் போனா ராத்திரிதான் வரேன். எம்பொண்ணு ஒரே ஒரு ஃபேனைப் போட்டுட்டுப் படிக்குது. எங்களுக்கு மட்டும் எப்படி மீட்டர் மூணு மடங்கு ஓடும்?"

"வீடு ஒண்ணா இருந்தா ஆச்சா? வாழத் தெரியணும். ஜன்னலைத் தொறந்து போட்டிருப்பே, ஃப்ரிட்ஜை மூடாம நின்னு யோசிச்சிருப்பே. கோடையில என் மகன் குடும்பத்தோட வந்து ரெண்டு மாசம் இருந்தான். மூணு ரூம்லயும் ஏசி. மீட்டர் அசையலையே! சூடு உள்ள வராம சுவருக்குள்ள ஃபோம் வெச்சிருக்கான்ல, அதைப் பயன்படுத்தத் தெரியணும்."

இதைத் தெரு ஏற்கெனவே இருபது தடவை கேட்டிருந்தது. புது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தினமும் காலையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீட்டரைக் குறித்துக்கொள்வார். அதில் எண் மெதுவாக நகர நகர, அந்தத் தைரியத்தில் அவர் வீட்டில் ஏசி நிற்காமல் ஓடியது. மனுஷன் பொய் சொல்லுவான், அளவுக் கருவி சொல்லாது என்பது அவருடைய முப்பது வருஷத்து நம்பிக்கை.

"நான் போன மாசம் பத்து நாள் வீட்டைப் பூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றாள் நர்ஸ். "அப்பவும் என் மீட்டர் ஓடியிருக்கு. பேயா வந்து ஏசி போட்டுச்சு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் தராசுவைச் சுட்டது.

"சரி, பாத்துடலாம். உன் மெயினை ஆஃப் பண்ணு. என் வீட்டுல ஒரு பல்பு அணைஞ்சாலும் நான் வீட்டை வித்துட்டு இந்த ஊரை விட்டே போயிடறேன். அணையலேன்னா இத்தனை பேர் முன்னாடி நீ என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

அவள் எதற்கும் தயாராக எலெக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். இரண்டு வீட்டு மீட்டரும் நடுச்சுவரில் ஒரே பெட்டிக்குள் இருந்தன. எட்டு என்று எழுதியிருந்தது தராசுவுடையது, ஒன்பது நர்ஸுடையது. தெரு எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க, எலெக்ட்ரீஷியன் ஒன்பதின் கீழே இருந்த மெயினை இறக்கினார்.

தராசு வீட்டுக்குள் டிவி சத்தம் பட்டென்று நின்றது. மாடியில் உறுமிக்கொண்டிருந்த ஏசி அடங்கியது. அவர் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, கரண்ட் போயிடுச்சே?"

தராசுவின் முகத்தில் ஈயாடவில்லை. "திருட்டுப் பய!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பலகை வேற ஒரு கேடா!" என்று இன்னொன்று. சால்வை போர்த்திய சங்கத் தலைவரே அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனை கடைக்காரர்களை இதே மாதிரி நடுத்தெருவில் நிற்க வைத்திருக்கிறோம் என்று தராசுவுக்கு அப்போது தோன்றியது.

"சத்தியமா நான் ஒரு வயரைக்கூடத் தொட்டதில்லப்பா..."

"எப்ப வீட்டை விக்கறீங்க?" என்றாள் நர்ஸ்.

அதற்குள் ஒன்பதாம் எண் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து அவள் மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, மெயினை இன்னும் ஆஃப் பண்ணலையா? இங்க ஃபேன் ஓடிட்டுத்தானே இருக்கு!"

எலெக்ட்ரீஷியன் பெட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"திருட்டெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. வீடு கட்டும்போதே வயரை மாத்திக் குடுத்துட்டாங்க. சார் வீடு இவங்க மீட்டர்ல ஓடுது, இவங்க வீடு சார் மீட்டர்ல ஓடுது."

தராசுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நர்ஸின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"கேட்டுக்கிட்டியா? எல்லாரும் கேட்டீங்களா? நான் திருடன் இல்ல! எங்கே, கேளு மன்னிப்பு!"

அவர் மனைவி மெதுவாகப் படியிறங்கி வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்போ இத்தனை நாளும் கரண்டை வாரி இறைச்சது நாமதானாங்க?"