சத்தமில்லாத வண்டி

"நூறு கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்க உங்க வண்டிக்கு எத்தனை செகண்டு ஆகும் அண்ணாச்சி?"

தென்காசியில் தெருமுனை செல்லப்பா டீக்கடையில், பத்துப் பேர் முன்னால் வைத்துத்தான் பெலிக்ஸ் கேட்டான்.

"ஆறு" என்றார் மாரிச்செல்வம், டீயை ஊதிக்கொண்டே.

"நம்மது நாலு! அதுவும் சத்தமே இல்லாம. பெட்ரோல் வேண்டாம், ஆயில் வேண்டாம். குடும்பத்தோட சாஞ்சு உக்காந்து போவலாம். உங்களுதுல ரெண்டு பேரு குத்தவைக்கத்தான் இடம் இருக்கு."

பெலிக்ஸுக்கு ஹார்டுவேர் கடை. எலெக்ட்ரிக் கார் வாங்கி ரெண்டு மாதம்தான் ஆகிறது. அதனால் யாரைப் பார்த்தாலும் பேச்சு அதில்தான் போய் முடியும்.

பக்கத்து வீட்டு மாரிச்செல்வத்துக்கு வடகரையில் தென்னந்தோப்பு. கொச்சியில் செகண்ட்ஹேண்டில் பிடித்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அவருடையது. ஸ்டார்ட் செய்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

"வேகம் உனக்குத்தான் தம்பி, ஒத்துக்கிடுதேன். எனக்கு அந்தச் சத்தம்தான் பிடிக்கும். அதுக்காகவே வாங்குனேன்."

"அந்தச் சத்தத்தைத்தான் காலைல காணோமே!" பெலிக்ஸ் விடுவதாக இல்லை. "மூணு வாரமா மாடில நின்னு பாக்குதேன். விடியக்காலம் அஞ்சு மணிக்கு வண்டியத் தள்ளிக்கிட்டுல்லா போறிய! அது ஸ்போர்ட்ஸ் காரா, தள்ளுவண்டியா?"

கடையே சிரித்தது. மாரிச்செல்வமும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

"பழைய வண்டில்லா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த பெலிக்ஸ், கேட்டுக்கு முன்னால் வழக்கம்போல் ரெண்டு தடவை ஹாரன் அடித்தான். மாமியார் ஞானபாக்கியம் ஓடி வந்து கேட்டைத் திறந்தார். உள்ளே பிள்ளை வீரிட்டு அழுதது.

"பாத்தியா ஷெர்லின், அப்பா வந்தது பாப்பாவுக்குத் தெரிஞ்சிட்டு!"

மனைவி ஷெர்லின் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, ஏழாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, மூன்று வாரத்துக்கு முன்னால்தான் வீடு வந்து சேர்ந்தது. நல்லாத் தூங்கினால்தான் எடை ஏறும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ராத்திரி பூரா முழிச்சிருக்கா. நாலு மணிக்குக் கண்ணு மூடுனா ஏழு வரைக்கும் அசையாமத் தூங்குதா. அந்த மூணு மணி நேரத்துலதான் ஒடம்பு தேறுது" என்றாள்.

"நம்ம வண்டி சத்தம் போடாதுல்லா, அதான்" என்றான் பெலிக்ஸ். அவன் வண்டியை எடுப்பதே ஒன்பது மணிக்குத்தான் என்பது அவனுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் அஞ்சு மணிக்குப் போனும் கையுமாக வாசலில் காத்திருந்தான். வீடியோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட வேண்டும் என்று திட்டம்.

குற்றாலச் சாரல் தென்காசி வரைக்கும் தூறிக்கொண்டிருந்தது. மாரிச்செல்வம் வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். செருப்பைக்கூடக் கழற்றி வண்டிக்குள் போட்டிருந்தார்.

பெலிக்ஸ் படம் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்தான்.

"அண்ணாச்சி! நம்ம வண்டில கயிறு கட்டி இழுக்கட்டுமா?"

மாரிச்செல்வம் திரும்பி, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். தெருமுனை தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

ஒரே திருகல். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. டீக்கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

பெலிக்ஸ் திகைத்துப் போனான். "நல்லாத்தானே இருக்கு! பொறவு எதுக்கு அண்ணாச்சி தள்ளுதிய?"

"அஞ்சரைக்குத் தோப்புக்கு வார ஐந்தருவிக் கடைக்காரங்களுக்கு நான் இளநி எண்ணிக் கொடுக்கணும். போவாம முடியாது. குளிர்ந்த இன்ஜின் மொதல்ல எடுக்கையில ரொம்பக் கத்தும். பாப்பா வீட்டுக்கு வந்த மறுநாள், தெரியாம வாசல்லயே ஸ்டார்ட் பண்ணிட்டேன். அது பதறி அழுதது எங்க வீட்டுக்குள்ள கேட்டுது. பொறவு எனக்கு மனசு வரல தம்பி."

"நேத்துக் கடையில சொல்லியிருக்கலாம்லா..."

"பத்துப் பேரு முன்னால சொன்னா ஒனக்குச் சங்கடமா இருக்கும்லா? அத விடு. பாப்பா ரெண்டு கிலோ தாண்டிட்டாளா?"

பெலிக்ஸ் ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கை மழையில் நனைந்து சில்லென்று இருந்தது.

"ரெண்டரை ஆயிட்டு அண்ணாச்சி. ஒங்களாலதான். உசுரு இருக்க வரைக்கும் மறக்க மாட்டேன்."

"போடே, சாரல்ல நனையாத" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

வீடியோவை அங்கேயே நின்று அழித்தான். நேராகச் செல்லப்பா கடைக்குள் போய், வந்தவன் போனவன் எல்லாரிடமும் அண்ணாச்சி வண்டியைத் தள்ளுகிற காரணத்தை அவனே சொன்னான்.

அன்று மதியம் கேட்டுக்கு முன்னால் வண்டி வந்து நின்றது. விரல் தானாக ஹாரனுக்குப் போய், அப்படியே நின்றது. இறங்கினான். அவனே மெல்லக் கேட்டைத் திறந்து, வண்டியை உள்ளே விட்டான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

தொட்டிலில் பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அடுப்படியிலிருந்து வந்த ஷெர்லின் அவனைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "எப்ப வந்திய? ஒண்ணுமே கேக்கலியே!"

தொட்டிலைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"வாங்கி ரெண்டு மாசம் கழிச்சு, இன்னைக்குத்தாங்க நம்ம வண்டி சத்தமில்லாம வந்திருக்கு."