இசபெல் கேட்ட ஞானஸ்நானம்

லோரன்ஸின் முதல் உதை இசபெலின் வயிற்றில் விழுந்தபோது, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் சனம் மொத்தமும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருத்தராவது உள்ளே வந்து தடுக்க வேண்டுமே? ஊஹூம்.

"கொழும்பு ஓட்டல்ல வேலையில கெடந்துட்டு நான் வீட்டுக்கு வந்ததே கிறிஸ்மசுக்கு. இன்னும் பெரிய வெள்ளிகூட வரல. ஆறு மாச வயிறு எங்கடி இருந்து வந்துச்சு?"

"மாதா மேல சத்தியமா ஒங்க புள்ளைதாங்க!"

"மருத்துவச்சியே ஆறு மாசங்கிறா. மாதாவையா சாட்சிக்குக் கூப்புடுற?"

தோட்டத்து மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்து அப்படித்தான் சொல்லியிருந்தாள். குழாயை வைத்து எவ்வளவு நேரம் கேட்டும் துடிப்பு காதில் விழவில்லை. பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது என்று அவளே ஒரு சமாதானமும் சொல்லிவிட்டுப் போனாள்.

இசபெலுக்கோ குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காது, அப்படி ஒரு வாந்தி. அந்த உடம்பைத்தான் பாவி மனுசன் இழுத்துப் போட்டு மறுபடியும் உதைத்தான். சேலை நனைந்தது. சிமெந்துத் தரையில் ரத்தம் ஓடியது.

"ஐயோ, என் புள்ள போச்சே!"

"தொலஞ்சுது சனியன்" என்று காறித் துப்பினான் லோரன்ஸ்.

அடியையெல்லாம் பொறுத்தவளுக்கு அந்தச் சொல்லைப் பொறுக்க முடியவில்லை. அடுப்படியில் கவ்வாத்துக் கத்தி கிடந்தது. தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் சீவுகிற கத்தி. அவன் திரும்புவதற்குள் கழுத்தில் இறக்கினாள். விழுந்தவன் மேலும் கை ஓயும்வரை வெட்டினாள். வாசலில் நின்ற சனம் அப்போதுதான் அலறிக்கொண்டு ஓடி வந்தது.

கண் விழித்தபோது டவுன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். கால்மாட்டில் ஒரு பொலிஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒன் புருசன் செத்துட்டான்" என்றார்.

"நல்லா சாகட்டும்! புள்ளைய மிதிச்சே கொன்னவன். என்னைய தூக்குல போடுங்க, சந்தோசமாத் தொங்குறேன்."

டொக்டரம்மா உள்ளே வந்தார். சிங்களவர்தான், ஆனாலும் பல வருசம் மலையில் வேலை பார்த்ததில் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. இசபெல் அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைய எங்கம்மா வச்சிருக்கீங்க? மூச்சு இருக்கும்போதே நர்சம்மா யாராச்சும் தலையில தண்ணி ஊத்திப் பேரு வச்சாங்களா? ஞானஸ்நானம் இல்லாட்டி கோயில் மயானத்துல எடம் குடுக்க மாட்டாங்க. என் புள்ள அனாதையா வெளியில கெடக்கக் கூடாதும்மா!"

"புள்ள இல்லம்மா" என்றார் டொக்டர்.

"செத்துருச்சுன்னு தெரியும். மொகத்தையாவது காட்டுங்க."

"இருந்தாத்தானே சாகும்? ஒங்க வயித்துல புள்ளையே உண்டாகல. திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கொப்புளம்தான், பேசின் நெறைய எடுத்தோம். அது புள்ளைய விட வேகமா வளரும். அதான் மூணு மாசத்துலயே வயிறு அவ்வளவு பெருசாயிருச்சு. அவர் ஒதைக்காட்டியும் ஒருநாள் இப்படித்தான் ரத்தம் கொட்டியிருக்கும்."

இசபெலுக்கு அழுகைகூட வரவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கப் பிள்ளை இல்லை, புருசன் கொன்ற பிள்ளையும் இல்லை. இனி அவளுக்கென்று மிஞ்சியது மானம் ஒன்றுதான். அதையாவது விட்டுவிடக் கூடாது என்று எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"தன்னோடது இல்லன்னு சொல்லித்தானே அடிச்சாரு. புள்ளையோட சாடையப் பாத்தாவது சனம் நம்பியிருக்கும். இப்ப எதக் காட்டி நான் தப்புப் பண்ணலன்னு சொல்லுவேன்?"

டொக்டர் பொலிஸ்காரரைப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"புள்ளைன்னா ஆத்தாகிட்ட இருந்து பாதி, அப்பன்கிட்ட இருந்து பாதி வரும். இது அப்படி இல்ல. கொஞ்ச வருசத்துக்கு முன்னாலதான் கண்டுபிடிச்சிருக்காங்க. ஒங்க கருமுட்டைக்குள்ள ஒண்ணுமே இல்லாம வெறும் கூடாக் கெடந்திருக்கு. புருசனோட வித்து மட்டும் அதுக்குள்ள போய், அதுவே ரெண்டாப் பெருகி வளந்திருக்கு."

"வெளங்கலம்மா."

"அதுல ஒங்களோடது ஒரு துளிகூட இல்லம்மா, மொத்தமும் அவரோடதுதான்."