பாதி வழியில் அட்சதை

“ஏட்டி, மூஞ்சி இல்லாம யாராவது போட்டோ எடுப்பாங்களா?”

ஸ்டுடியோக்காரர் கோமதிநாயகம் ஒருமுறை, தன்னிடம் வேலை பார்க்கும் அவளிடம் கேட்டார்.



கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுப்பது அவள் வேலை. “இங்க பாருங்க” என்று கூப்பிட வேண்டும். குரல் வராது. அதனால் பின்னால் நின்று எடுத்தாள்.

முதலில் அது கூச்சம்தான்.

பிறகு, கேமராவுக்காகச் சிரித்தவர்கள் திரும்பிக்கொள்ளும்வரை காத்திருக்கத் தொடங்கினாள்.

நசுங்கிய பூச்சரம். வியர்வையில் ஒட்டிய ரவிக்கை. முதுகுக்குப் பின்னால் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருப்பது.

“இன்னும் ஒரு முதுகு வந்துச்சு, கேமராவ வாங்கி வச்சிருவேன். பொறவு ஜெராக்ஸ் மிஷினோடதான் ஒனக்குப் பொழப்பு” என்று மிரட்டினார் கோமதிநாயகம்.

முதுகுகள் வந்தன. அவள் அழிக்கவில்லை. கணினியில் ‘வேஸ்ட்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் ஒளித்து வைத்தாள்.

இன்று காலை ஒருவர் வந்தார். மழிக்காத முகம். கையில் மனைவியின் ஆதார் அட்டை.

“பதினாறாம் நாள் படத்துக்கு மாலை போடணும் தம்பி. இதப் பெருசாக்கிக் குடுங்க.”

கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார்.

“இது அவ மாதிரியே இல்ல.”

அட்டையில் ஒரு பெண், எதையோ திருடி அகப்பட்டவள் போல விழித்தாள்.

போன தையில் அவர் தம்பி மகள் கல்யாணத்தை இவர்கள்தான் எடுத்தார்கள். கோமதிநாயகம் தேடினார். இரண்டாயிரம் படங்கள். குடும்பப் படத்தில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி நெற்றி. அவ்வளவுதான்.

“கேமராவக் கண்டா சாம்பார் வாளியத் தூக்கிட்டு ஓடிருவா” என்றார் வந்தவர். சிரிக்கப் பார்த்தார்.

அவள் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி கவுண்டரில் வைத்தாள்.

பிறகு ‘வேஸ்ட்’டைத் திறந்தாள்.

திரை நிறைய முதுகுகள்.

கோமதிநாயகம் கேமராவின் வாரைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவள் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு படத்தில் நின்றாள்.

பந்திக்கூடத்து வாசல். அங்கே ஒரு பெண், இடுப்பில் செருகிய முந்தானையோடு. ஒரு கையில் கரண்டி. தூரத்தில், மேடையில் தாலி ஏறுகிறது. இன்னொரு கை தலைக்கு மேலே விரிந்திருக்கிறது.

அங்கிருந்து எறிந்தால் மேடைக்கு எட்டாது.

எறிந்திருக்கிறாள். அட்சதை அந்தரத்தில் நிற்கிறது.

முகம் இல்லை.

“அண்ணாச்சி, இதுக்குப் போயி எப்படி மாலை…” கோமதிநாயகம் முடிக்கவில்லை.

வந்தவர் திரையை நெருங்கினார். பின்னங்கழுத்தில் கொண்டைக்குள் அடங்காமல் விலகியிருந்த ஒரு நரைமுடியை, விரல்நுனியால் மெல்ல ஒதுக்கினார்.

அவள் பிரிண்ட் போட்டாள். யாரும் போடச் சொல்லவில்லை.

அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார்.

கோமதிநாயகத்தின் கை இப்போது கேமராவின் மேல் இல்லை.

வந்தவர் கதவைத் திறந்து போனார்.

ஆதார் அட்டை கவுண்டரிலேயே கிடந்தது.