இஸ்திரிக்காரம்மாவின் சைக்கிள்

சலவைக்கடை வாசலில் நின்ற புது சைக்கிளைப் பார்த்ததும் முதலாளிக்கு வயிறு எரிந்தது.

அது அவர் கடையில் இஸ்திரி போடும் அம்மாவுடையது. நேற்று வரை கால் தேய நடந்து வந்தவள், இன்றைக்கு மணியடித்துக்கொண்டு வந்து இறங்குகிறாள்.

முதலாளியிடம் கார் இருந்தது. அது வேறு விஷயம்.

சைக்கிள் ஏது என்று பேச்சுவாக்கில் கேட்டு வைத்தார்.

"கவர்மென்ட் பணம் முதலாளி," என்றாள் அவள், காலரைத் தேய்த்தபடி. "சம்பளம் பத்தாதவங்களுக்கு மாசாமாசம் போடறாங்கல்ல, அதுல மிச்சம் பிடிச்சேன்."

அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. கல்லாவில் உட்கார்ந்தாலும் கண் வாசலுக்கே போனது. துணி வாங்க வந்த ஒருவர், சைக்கிள் அம்சமாக இருக்கிறது என்று வேறு சொல்லித் தொலைத்தார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"வரி கட்டறது நானு, சைக்கிள் ஓட்டறது அவளா? எனக்கு எந்த கவர்மென்ட் என்ன குடுத்துச்சு?"

"போன வருஷம் சம்பளம் ஏத்திக் கேட்டாளே, குடுத்தீங்களா?"

"எதுக்கு? அதான் கவர்மென்ட் குடுக்குதே."

மனைவி சாப்பாடு எடுத்து வைக்கப் போனாள்.

மறுநாள் கடையைக்கூடத் திறக்காமல், உதவித்தொகை அலுவலகத்தில் போய் நின்றார். அந்த அம்மா நல்ல வசதியாகத்தான் இருக்கிறாள், நானும் மாதம் தவறாமல் சம்பளம் கொடுக்கிறேன், இப்படிப்பட்டவளுக்கு உதவி எதற்கு என்று மூச்சுவிடாமல் முறையிட்டார்.

அங்கிருந்த அதிகாரி கணினியில் எதையோ பார்த்தார். நிதானமாக நிமிர்ந்தார்.

"அவங்களுக்கு நிறுத்தணும், அவ்வளவுதானே சார்? ரொம்ப சுலபம். நீங்க சம்பளத்தை ஏத்துங்க. நாங்க குடுக்கறது தானா நின்னுடும்."

"நான் ஏத்தறதா?"

"நீங்க குறைக்கறதைத்தான் நாங்க இட்டு நிரப்பறோம். நாங்க கையை எடுத்துட்டா, உங்க சம்பளத்துக்கு அவங்க ஒரு மாசம் நிப்பாங்களா?"

கடையில் மலையாகக் குவிந்து கிடக்கும் துணிகள் முதலாளியின் கண்முன் வந்தன. சும்மா விசாரிக்கத்தான் வந்தேன் என்று கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கடை வாசலில் இஸ்திரிக்காரம்மா காத்திருந்தாள். அவள் சைக்கிள் வெயிலில் நின்றது. அவரே அதை உருட்டிக்கொண்டு போய் நிழலில் நிறுத்தினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது மனைவி கேட்டாள். "என்ன, அவளுக்கு நிறுத்திட்டாங்களா?"

"சேச்சே, என்ன பேச்சு பேசற," என்றார் முதலாளி, குரல் தழுதழுக்க. "பாவம்டி அவ. ஏழை வயித்துல நாம அடிக்கலாமா?"