வெளியே வாடா!

சரிவின் விளிம்பில் புதிதாகக் கட்டிய வீட்டின் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் உள்ளே விழுந்தது.

"வெளியே வாடா!"

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வாசலில் அந்த இன்ஜினியர். அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து, "சமதரையில தாங்குற மண்ணு சரிவோரத்துல தாங்காது சார், பத்தடி உள்ள தள்ளிக் கட்டுங்க" என்று உயிரை வாங்கியவன். காலையிலும் வந்தான், வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்தியிருந்தார்.

பாய்ந்து போய் ஓர் அறை விட்டார். அவன் திருப்பி விட்டதில் இவர் மூக்கு உடைந்தது. மனைவியும் மகளும் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். மச்சான் மண்வெட்டிக் காம்போடு வந்தான். சாலைக்கு அந்தப் பக்கம்வரை அவனை இழுத்துப் போய் மிதித்தார்கள்.

வாயில் ரத்தம் வழிய அவன் கத்தினான். "உங்கப்பன் எங்கடா? கட்டிலுக்கடியில ஒளிஞ்சிக்கிட்டானா, பயந்தாங்கொள்ளி!"

மூட்டுவலியால் மூன்று மாதமாக அறையைவிட்டு நகராத கிழவர், கைத்தடியை ஓங்கிக்கொண்டு சாலைக்கே வந்துவிட்டார். அவர் போட்ட போட்டில் இன்ஜினியரின் புருவம் கிழிந்தது.

வீட்டுக்காரர் அவன் காலரைப் பிடித்துத் தூக்கினார். "இன்னும் யாரைடா கூப்பிடணும்?"

"உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

"எல்லாரும் இங்கதான்டா நிக்கிறோம், உன்னைக் கொல்றதுக்கு!"

"அப்பாடா" என்று அவன் கண்களை மூடினான்.

பின்னால் மண் பிளக்கும் சத்தம். கிழவரின் அறை முதலில் போனது. பிறகு மொத்த வீடும் சரிவில் இறங்கியது.

"காலையில விரிசலைக் காட்டத்தான் வந்தேன் சார். நீங்க பேசவே விடல."

வீட்டுக்காரர் காலரை விடவில்லை. விட்டால் அவரே விழுந்துவிடுவார்.