குறி தப்பாத கேம்பேட்

"சுவத்தைச் சுடறதுக்கா தம்பி உன்னை வரச் சொன்னேன்?" என்றார் தோன் எலாதியோ.

டெர்லிஸ் கணினியில், விளையாட்டுக் கைப்பிடியான கேம்பேடின் அமைப்புகளை மறுபடி திறந்தான். பராகுவேயின் என்கார்னசியோன் நகரில் ஜூன் மாதக் குளிர். தோன் எலாதியோ சூடான மாத்தே மூலிகைத் தேநீரைக் குடுவையிலிருந்து தானே உறிஞ்சினார். அவனுக்கு ஒரு வாய்கூட நீட்டவில்லை.

முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஞாயிறுதோறும் புவனோஸ் அயர்ஸில் இருக்கும் மச்சான் ரமோனோடு கணினியில் துப்பாக்கிச் சண்டை போடுவார். இருவரும் மாறி மாறித்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ரமோனின் மகள் லிஸ் காதலித்த பையன், ரமோனுக்கு ஒரு கேம்பேட் பொருத்திக் கொடுத்தான். அன்றிலிருந்து மூன்று மாதமாக ரமோனுக்குக் குறி தப்பவே இல்லை. பூரித்துப்போய் மகளை அவனுக்கே கட்டிக்கொடுத்துவிட்டார்.

"அவன் மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலேன்னா எப்படி? இன்னிக்கு நான் ஜெயிச்சா நிமியா உனக்கு. தோத்தா, வந்த பஸ்ஸிலேயே திரும்பிடு."

அவருடைய மகள் நிமியா பின்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் சீஸ் போட்ட சீப்பா ரொட்டிக் கூடை. குளிருக்கு இதமாக இரண்டு கைகளையும் கூடைத் துணிக்கு அடியில் விட்டிருந்தாள்.

"தோன் எலாதியோ, பஸ் ஸ்டியரிங்ல சும்மா ஆடற மாதிரி கொஞ்சம் ப்ளே இருக்கும்ல?" என்று டெர்லிஸ் ஆரம்பித்தான்.

"இருக்கும். இல்லாட்டி டிரைவர் தும்மினா பஸ் பள்ளத்துல."

"அதேதான். கேம்பேட்ல குறியைத் திருப்பற இந்தக் குச்சிக்கும் நடுவுல கொஞ்சம் ப்ளே விடணும். விடாட்டி நீங்க சும்மா பிடிச்சிருந்தாலே திரையில உங்க ஆள் சுவத்தைப் பாத்துத் திரும்பிடுவான்."

"அதிகமா விட்டா?"

"உங்க பழைய பஸ் மாதிரி. அரை வட்டம் சுத்தினப்புறம்தான் திரும்பலாமான்னு யோசிக்கும்."

"என் பஸ்ஸைப் பத்திப் பேசாதே." அவர் திரையை உற்றுப் பார்த்தார். "அது என்ன, ரெண்டு கேம்பேட் காட்டுது?"

"சில சமயம் ஒண்ணையே ரெண்டு தடவை காட்டும். கண்டுக்காதீங்க."

"அதான் சொல்றான்ல அப்பா, கண்டுக்காதீங்க," என்றாள் நிமியா.

ஸ்பீக்கரில் ரமோனின் குரல் வந்தது. "என்ன மச்சான், இன்னிக்கும் சுவர்தானா? பாவம், அந்தச் சுவத்துக்கும் குடும்பம் இருக்கும்."

ஆட்டம் தொடங்கியது. பத்தே நொடியில் ரமோனின் ஆள் விழுந்தான்.

தோன் எலாதியோ தன் விரலைப் பார்த்தார். "தம்பி, நான் அழுத்தவே இல்லையே."

டெர்லிஸுக்கு முகம் மலர்ந்தது. "கிளட்ச் பாதியிலேயே பிடிக்குமே, அந்த மாதிரி வச்சிருக்கேன். லேசா பட்டாலே போதும்."

ரமோனின் ஆள் மறுபடி விழுந்தான்.

"நான் இடப்பக்கம் திருப்பினேன். அது வலப்பக்கம் போய்ச் சுட்டுட்டு வருது."

"குறி வைக்க உதவற வசதி ஒண்ணு இருக்கு. எதிராளி பக்கத்துல வந்தா குறியை லேசா அவன் பக்கம் இழுக்கும்."

"பக்கத்துலயா? அவன் மூணாவது மாடியில இருந்தான்."

டெர்லிஸ் ஒரு கணம் யோசித்தான். "அமைப்பு சரியா இருந்தா மாடிக்கும் இழுக்கும்," என்றான்.

இருபதுக்கு மூன்று என்று தோன் எலாதியோ ஜெயித்தார். ஸ்பீக்கரில் ரமோன் கேம்பேடை எதன்மீதோ தட்டிக்கொண்டிருந்தார். "போன வாரம்வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு இதுக்கு?"

"உன் மாப்பிள்ளையைக் கேளு," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார் தோன் எலாதியோ. மாத்தேக் குடுவையில் வெந்நீர் ஊற்றி டெர்லிஸிடம் நீட்டினார். "குடி மாப்ளே. குடிச்சிட்டு வா, கறி சுட அடுப்பு மூட்டலாம்."

"வர்றேன் மாமா. அந்த ப்ளேயை இன்னும் துளி குறைச்சா..."

"வழியில சொல்லு."

இருவரும் முற்றத்துக்குப் போனதும் நிமியா கூடைத் துணியை விலக்கினாள். சீப்பாக்களுக்கு நடுவே கிடந்த இன்னொரு கேம்பேடை ஆஃப் செய்து, அதில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டுப் போனை எடுத்தாள்.

"லிஸ், இன்னிக்கு உங்கப்பாவுக்குச் சுட்டுக் குடுக்காம இருந்தியே, ரொம்ப நன்றிடி."

"எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே," என்றாள் லிஸ். "உனக்கு ஆகறவரைக்கும் அந்தக் கூடையை மடியை விட்டு இறக்காதே."